பாதிச் சேனல் மட்டும் காணோம்: என் அனுபவம்

டவர் சிக்னலும் கேபிளும் எட்டாத வீடுகளுக்குச் சந்தா இல்லாத இலவச டிஷ் கைகொடுக்கும். என் வீட்டு டிஷ்ஷில் திடீரென்று பாதிச் சேனல்கள் ‘நோ சிக்னல்’. மீதி பளிச்சென்று ஓடின.

டிஷ் நன்றாகத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் இப்படிப் பாதி மட்டும் பிழைக்காது. மெனுவில் பார்த்தேன். போனவை எல்லாமே ‘எச்’, அதாவது கிடைமட்ட அலை. ஓடுபவை ‘வி’, செங்குத்து. செட்டாப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் பாகம்) செங்குத்தைப் பிடிக்கும், 18 அனுப்பினால் கிடைமட்டத்தை. அந்த 18 மேலே போய்ச் சேராமல் இருக்கலாம், இல்லையென்றால் எல்என்பியே கெட்டிருக்கலாம்.

எல்என்பியா, வயரா? பாக்ஸையும் சின்ன டிவியையும் டிஷ் பக்கத்திலேயே வைத்து, துண்டு வயரில் இணைத்தேன். எல்லாம் வந்தது! அப்போ பழைய வயர்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (கரண்டோடு கழற்றினால் ஷார்ட் ஆகி பாக்ஸ் போகலாம்) வெளிமுனைக் கனெக்டரைத் திருகினேன். உள்ளே பச்சைக் களிம்பு, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் கம்பி கருத்து ஈரமாக இருந்தது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, புது எஃப் கனெக்டர் (டிஷ் வயரின் திருகுமுனை) போட்டேன். பின்னலின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. மேலே நீர்புகா டேப். கனெக்டருக்குக் கீழே வயரை வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

புது எல்என்பி விற்பவர் இதைச் சொல்லமாட்டார்!