பனி போன பிறகு பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

நாட்காட்டியில் இளவேனில் மார்ச் 20 அளவில் தொடங்கிவிடும். அதை நம்பி மெல்லிய சட்டையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டால், அரை மணி நேரத்தில் காருக்குள் திரும்பி ஓடிவந்து ஹீட்டரைப் போட வேண்டியிருக்கும். இங்கே மார்ச் ஒரு காலம், ஏப்ரல் கடைசி இன்னொரு காலம், மே மாதத்து விக்ரோறியா தின நீள்வார இறுதிக்குப் பிறகு வருவது வேறொரு காலம். எது நல்ல இடம் என்று கேட்கமுன், எந்த வாரம் போகிறோம் என்று பாருங்கள்.

மார்ச்சில் போகத்தக்கது மேப்பிள் காடு. இரவில் பூச்சியத்துக்குக் கீழேயும் பகலில் மேலேயும் வெப்பநிலை மாறிமாறிப் போகும் சில வாரங்களில்தான் மரத்தில் சாறு ஓடும். மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றின் சுவை கெட்டுவிடும், அதோடு பருவம் முடிந்தது. சுமார் 40 லீட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீட்டர் மேப்பிள் பாணி (சிரப்) கிடைக்கும். வாளியில் சொட்டுவதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு அது பெரிய ஏமாற்றமாகவும் பெரிய ஆச்சரியமாகவும் இருக்கும். வோனில் உள்ள கோர்ட்றைற் இயற்கைப் பாதுகாப்பு நிலையத்திலும் ஓக்வில் பக்கத்து பிறொன்ரே கிறீக் மாகாணப் பூங்காவிலும் இதைக் காட்டுவார்கள். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். கால் புதைகிற சேறு இருக்கும். ஆளுக்கு ஒரு சோடி ரப்பர் பூட்ஸ், காரில் மாற்றுக் காலுறை, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை: இந்த மூன்றும் இல்லாமல் மார்ச்சில் எந்தக் காட்டுக்கும் போகாதீர்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே முதல் வாரத்துக்குள் ஹை பார்க்கில் செரிப் பூ பூக்கும். 1959இல் ரோக்கியோ மக்கள் ரொறன்ரோவுக்கு அன்பளிப்பாகத் தந்த 2,000 மரங்களிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. முழுப்பூவாக நிற்பது நாலு நாளும் இருக்கலாம், பத்து நாளும் இருக்கலாம். ஒரு பலத்த மழைக்காற்று அடித்தால் மறுநாள் எல்லாம் தரையில். ஆகவே இரண்டு வாரத்துக்கு முன்பே நாள் குறித்து வைப்பதில் பயனில்லை. ஏப்ரல் நடுவிலிருந்து மொட்டின் நிலையைப் பற்றி வரும் செய்திகளைக் கவனியுங்கள். 70 சதவீதப் பூக்கள் விரிந்துவிட்டன என்றால் அன்றோ மறுநாளோ புறப்பட்டுவிடுங்கள்.

காரில் போவது வீண். பூக்காலத்தில் பூங்காவுக்குள் வாகனங்களை விடமாட்டார்கள், சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில் நிறுத்தினால் தண்டச்சீட்டு காத்திருக்கும். ஸ்காபரோவில் இருப்பவர்கள் கெனடி சுரங்க ரயில் நிலையத்தில் ஏறினால் மாறாமலே ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம், சுமார் முக்கால் மணி நேரம். 12 வயதும் அதற்குக் கீழும் ரி.ரி.சி (நகரப் போக்குவரத்துச் சேவை) ரயிலிலும் பேருந்திலும் இலவசம். இதில் அடிக்கடி பிழையாகிப்போவது ஒன்று: வார இறுதிகளில் திருத்த வேலைக்காகச் சுரங்க ரயில் பாதையின் ஒரு பகுதியை மூடி, மாற்றுப் பேருந்து விடுவார்கள். தள்ளுவண்டியோடு அந்த வரிசையில் நின்றால் அன்றைய நாளே போய்விடும். முதல்நாள் இரவு ரி.ரி.சி தளத்தில் பாதை மூடலையும், நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். வேலை நாளில் காலை 8 மணிக்கு முன் போக முடிந்தால் அதைப் போல வேறில்லை.

பூ நிறைந்திருப்பது கிறெனடியர் குளத்தை நோக்கி இறங்கும் சரிவில். படம் எடுப்பதற்காகக் கிளையை வளைப்பது, பிள்ளையைக் கிளையில் ஏற்றி இருத்துவது இரண்டும் கூடாது. பட்டை கிழிந்த இடத்தால் நோய் புகுந்து மரம் பட்டுப்போகும். பூவைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் சின்னவர்களுக்கு அலுத்துவிடும், அது இயல்பு. அதே பூங்காவுக்குள் கட்டணமில்லாத சிறு விலங்குக்காட்சிச் சாலையும், ஜேமி பெல் என்ற மரக்கோட்டை விளையாட்டிடமும் இருக்கின்றன. கூட்டம் பிடிக்காதவர்கள் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் றொபார்ட்ஸ் நூலகத்தடிக்கோ, ரிறினிற்றி பெல்வூட்ஸ் பூங்காவுக்கோ போகலாம். மரம் குறைவு, மூச்சுவிட இடம் உண்டு.

மே மாதத்தில் ஸ்காபரோக்காரருக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்காவை மிஞ்சிய இடம் கிடையாது. 79 சதுர கிலோமீற்றர், நுழைவு இலவசம். நீளமாக நடந்து பழகாத பிள்ளைகளுக்கு ரொறன்ரோ விலங்குக்காட்சிச் சாலைப் பக்கமாகத் தொடங்கும் விஸ்ரா பாதை போதும்: 1.5 கிலோமீற்றர், பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க ஒரு மரமேடையும் உண்டு. போய்த் திரும்பும்போது அது இரட்டிப்பாகும் என்பதைக் கணக்கில் எடுங்கள். மே முதல் பாதியில் மரங்களுக்குக் கீழே மூன்று இதழ் வெள்ளைப் பூக்கள் விரித்திருக்கும். அது ரில்லியம், ஒன்ராறியோவின் மாகாணப் பூ. விதையிலிருந்து முதல் பூ வரவே ஏழு, எட்டு ஆண்டுகள் செல்லும். பூவோடு இலையையும் பறித்தால் கிழங்குக்கு உணவு இல்லாமல் செடி செத்துப்போகலாம். சாமிக்கு வைக்க ஒன்றே ஒன்று என்றும் வேண்டாம்.

இனி உண்ணி. புதிதாக வந்தவர்கள் நம்ப மறுப்பதும் இதைத்தான்: இந்தக் குளிர் நாட்டில் என்ன உண்ணி என்று. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே கருங்கால் உண்ணி நடமாடத் தொடங்கும். ரூஜ் பள்ளத்தாக்கு அது இருக்கும் இடம். வளர்ந்தது எள்ளளவு, குஞ்சு கசகசா அளவு. லைம் என்ற பாக்டீரியா நோய் அதன் கடியால் வருகிறது. வெளிர்நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். பாதையின் நடுவால் நடக்கப் பழக்குங்கள், புல்லில் உருள விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை உலர்த்தியில் அதிக சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால் ஒட்டிவந்தது செத்துவிடும். பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். பின்னலை அவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் ஊரோடு போகட்டும். நுனி கூர்ந்த சிறு குறட்டால் (ருவீசர்) தோலோடு ஒட்டி அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேரே மேலே இழுங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும். எத்தனை மணி நேரம் ஒட்டியிருந்தது என்பது முக்கியம். ஒரு நாளுக்கு மேல் இருந்திருக்கும் என்று தோன்றினால், அதை எடுத்து 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று பார்த்து, மருந்தாளரே எழுதித் தரலாம். நடு இரவில் சந்தேகம் வந்தால் ஒன்ராறியோவின் சுகாதார ஆலோசனை எண்ணான 811ஐ அழையுங்கள்.

ஸ்காபரோ பிளவ்ஸ் வெண்முகடுகளின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்பதும் நடக்கிற கதைதான். அந்த முகடு கல் போலத் தெரிந்தாலும் அது களியும் மணலும். பனி உருகி நீர் ஊறிய ஏப்ரல், மே மாதங்களில் மேலே நிற்பவரின் காலடியும் பெயரும், கீழே இருப்பவரின் தலைக்கு மேலும் சரியும். மேலே வேலிக்கு உள்ளே, கீழே முகட்டின் அடியை விட்டு விலகி: இதைப் பிள்ளைகளுக்கு இறங்குமுன் சொல்லிவிடுங்கள். முகட்டின் அடியிலுள்ள பிளவர்ஸ் பார்க்குக்குப் போகும் பிறிம்லி வீதி கடைசியில் செங்குத்தாக இறங்கும். இறங்குவது சுகம், திரும்பி ஏறும்போதுதான் தள்ளுவண்டியின் பாரம் தெரியும். வெயில் அடிக்கும் வார இறுதியில் முற்பகலிலேயே தரிப்பிடம் நிரம்பிவிடும், 9 மணிக்கு முன் போய்ச் சேருங்கள். தண்ணீரில் இறக்கவே வேண்டாம். மே மாத ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், மூச்சே திணறும் அளவுக்குக் குளிர்.

ஏரி அப்படிக் குளிர்ந்து கிடப்பதால் கரையோரக் காற்றும் குளிரும். வீட்டு வாசலில் 18 பாகை இருந்தால் கரையில் 10 ஆக இருக்கலாம். ரொறன்ரோ தீவுகளை மே கடைசிக்குத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். பே வீதி முடியும் இடத்திலிருந்து படகு, கால் மணி நேரப் பயணம். சீட்டை இணையத்தில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை குறையும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே படம் எடுத்து வையுங்கள்.

ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் இரண்டு பறவைகளிடம் கவனம். குஞ்சோடு நிற்கும் கனடா வாத்து கழுத்தை நீட்டிச் சீறினால் பின்வாங்குங்கள், பாண் போடாதீர்கள். மற்றது, தோளில் சிவப்புத் திட்டுள்ள ஒரு கருங்குருவி. கூட்டுக்குப் பக்கத்தால் போகிறவரின் தலையைப் பின்னாலிருந்து வந்து கொத்தும். தொப்பி போட்டு, திரும்பிப் பார்த்தபடி நடந்து விலகினால் விட்டுவிடும்.

இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து சாப்பாட்டோடு போவதானால் எங்கும் போகலாம். 25 பேருக்கு மேல் என்றால் நகரசபையிடம் பிக்னிக் அனுமதி எடுக்க வேண்டும். தொம்சன் மெமோரியல் போன்ற பூங்காக்களில் கோடைகால வார இறுதிகள் வெகு முன்பே பதிவாகி முடிந்துவிடும்.

கட்டணமுள்ள இடங்களுக்குப் பணம் கொடுக்கமுன் நூலக அட்டையை எடுங்கள். ரொறன்ரோ பொது நூலகம் விலங்குக்காட்சிச் சாலை உட்படப் பல இடங்களுக்குக் குடும்ப அனுமதிச்சீட்டு தருகிறது. எண்ணிக்கை மட்டானது, விரைவில் தீர்ந்துவிடும். நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் புதியவர்களுக்குப் பல இடங்களில் இலவச நுழைவு தரும் கனூ (Canoo) செயலியிலும் பதிந்து வைக்கலாம்.

கடைசியாகக் கழிவறை. குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவதால், பல பூங்காக்களின் கழிவறையும் குடிநீர்க் குழாயும் மே நடுப்பகுதிவரை பூட்டியே கிடக்கும். திறந்திருக்கிறதா என்று நகரசபைத் தளத்தில் பாருங்கள். அப்போதும் வீட்டை விட்டு இறங்கமுன் எல்லோரையும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.