'கடவுள் பார்த்துக்கொள்வார்': பராமரிப்பு என்ற சொல்லில் நாம் செய்யும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்த ஆலயத்துக்குப் போனாலும் ஜெபத்தில் "உமது பராமரிப்புக்கு நன்றி ஆண்டவரே" என்ற வரி வந்துவிடும். வெளியே வந்தால் மின்வாரிய அறிவிப்பில் "மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக மின்தடை" என்று அதே சொல் நிற்கும். முதலாவது ஆன்மிகம், இரண்டாவது வெறும் வேலை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில், சகோதரர்களால் விற்கப்பட்டு எகிப்தில் அதிகாரியாக உயர்ந்த யோசேப்பு, பஞ்ச காலத்தில் தன் தகப்பனுக்கு "அங்கே உம்மைப் பராமரிப்பேன்" என்று சொல்லி அனுப்புகிறான் (45:11). பராமரிப்பவன் மனிதன். அதற்காக அவன் செய்தது என்ன? விளைச்சல் கொழித்த ஏழு வருடமும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் களஞ்சியத்தில் வைத்தான். அதே யோசேப்புதான் கடைசியில், சகோதரர்கள் நினைத்த தீமையைத் தேவன் நன்மையாக முடித்தார் என்றும் சொல்கிறான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவனுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'ப்ரோநொயா', அதாவது முன்கூட்டி எண்ணிக் கவனித்தல், என்ற பெயர்ச்சொல் இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டும் மனிதர் செயலைத்தான் குறிக்கின்றன. ஒன்று, ரோம ஆளுநர் பேலிக்ஸை வழக்கறிஞர் ஒருவர் புகழும் இடம்; பழைய தமிழ் பைபிள் அதைப் 'பராமரிப்பு' என்றே தருகிறது. கடவுளைக் குறித்து அந்தச் சொல் வருவதைப் பார்க்க, கத்தோலிக்க விவிலியத்திலுள்ள சாலமோனின் ஞானம் 14-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். கப்பலைக் கட்டியது கைவினைஞரின் ஞானம், அதைச் செலுத்துவது தந்தையின் பராமரிப்பு என்கிறது அந்தப் பகுதி. கட்டியவரை ஓரங்கட்டிவிட்டுக் கடவுளைப் புகழவில்லை என்பதைக் கவனியுங்கள். லத்தீனிலும் இந்த உறவு உண்டு: பராமரிப்புக்கான 'ப்ரொவிதென்சியா' சுருங்கியதுதான் விவேகத்துக்கான 'ப்ரூதென்சியா'. விவேகத்தின் பகுதிகளில் தலையானது முன்னோக்குதான் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸ் எழுதிவிட்டார்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதை நாம் பெரும்பாலும் பேச்சை முடிக்கத்தான் பயன்படுத்துகிறோம். வீட்டுக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறதே, தடுப்புச் சுவர் எங்கே என்று கேட்டால் இந்தப் பதில். மழைநீர் இறங்கும் ஓடையை மூடிக் கட்டியிருக்கிறீர்களே என்றாலும் இதே பதில். ஆனால் ஜனவரி உறைபனிக்கு நாம் அப்படிச் சும்மா இருப்பதில்லை. தேயிலை கருகாமல் இருக்கப் புல்லையும் செடியையும் போட்டு மூடுகிறோம், வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுகிறோம். அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை. மலைச் சரிவுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஊறிய மண் கனத்து, நீர் வெளியேற வழியில்லாமல் போகும்போதுதான் சரிவு இறங்குகிறது. அந்த வழியைத் திறந்து வைப்பதும் பராமரிப்புதான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தூதர்கள் உன்னைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற வசனத்தை, பைபிளின் துதிப்பாடல் நூலான சங்கீதத்திலிருந்து எடுத்து, ஆலயத்தின் உச்சியில் நின்று மேற்கோள் காட்டியவன் சாத்தான். குதிக்க மறுத்தவர் இயேசு. ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள் என்று அவர் சொன்னது கவலையை விடச் சொல்லித்தான். கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் அவரேதான்.

என் பார்வையில் மிகக் கொடிய தவறு வேறொன்று: பிழைத்தவர் தன் பிழைப்பை, இறந்தவர்மீது சொல்லும் தீர்ப்பாக மாற்றுவது. 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். "எங்கள் வீட்டை ஆண்டவர் பராமரித்தார்" என்று சொல்வது நன்றி. அதில் குற்றமில்லை. ஆனால் "நாங்கள் ஜெபிக்கிற குடும்பம், அதனால்தான்" என்று அடுத்த வாக்கியம் வந்தால், பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் எதைக் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்ட இயேசு, அப்படியல்ல என்று நேராகவே மறுத்தார் (லூக்கா 13). துக்க வீட்டில் பராமரிப்பைப் பற்றி விளக்கம் சொல்லவே வேண்டாம். கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், இறப்புச் சான்றிதழ் வாங்கக் கூடப் போங்கள். அந்தச் சொல்லை எப்போதாவது பயன்படுத்துவதாக இருந்தால் இழந்தவர் தாமே பயன்படுத்தட்டும். அவர் சார்பில் நாம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

பராமரிப்பையும் விதியையும் ஒன்றாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்பவருக்குக் கேட்க ஆளில்லை. பராமரிப்பை நம்புகிறவர் ஒருவரோடு பேசுகிறார். மன்றாடலாம், முறையிடலாம், ஏன் என்று அழலாம். முருகன் பார்த்துக்கொள்வான் என்று பழனிக்கு நடக்கிறவரின் நம்பிக்கையும் இந்தப் பக்கம்தான் சேரும், தலையெழுத்தின் பக்கம் அல்ல.

அப்புறம், எழுதும்போது வரும் சின்னப் பிழைகள். கத்தோலிக்கர் 'இறைப் பராமரிப்பு' என்பார்கள், மற்ற சபையார் 'தேவ பராமரிப்பு' என்பார்கள். பொருள் ஒன்றே, ஒருவரை ஒருவர் திருத்த வேண்டியதில்லை. முதலாவதில் 'ப்' மிகும், இரண்டாவதில் மிகாது. திருவிழா நோட்டீசில் 'இறை பராமரிப்பு' என்று அச்சாகி வருவதை மட்டும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்பே பார்த்துத் திருத்திவிடுங்கள்.