பத்த வைத்து வாங்கிய நகையைச் சோதிப்பது எப்படி?

பட்டறையிலிருந்து திரும்பி வரும் நகை மெருகேறிப் பளபளக்கும். அதில் மயங்காமல், பத்த வைத்த, அதாவது உடைந்ததைத் தீ ஊதி ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் போதும். நல்ல ஆசாரி கை பட்ட இடம் தேடினாலும் லேசில் அகப்படாது.

அறுந்த செயின் என்றால், அந்தக் கண்ணியையும் இரு பக்கத்துக் கண்ணிகளையும் நகத்தால் அசைத்துப் பாருங்கள். மூன்றும் தனித்தனியே புரள வேண்டும். விறைத்து நின்றால் பொடி (ஒட்டுவதற்காக உருக்கும் உலோகக் கலவை) அதிகமாகி, உருகி ஓடி, பக்கத்துக் கண்ணியையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் மடங்காது. அடுத்த முறை அங்கேயே ஒடியும். ஊசி முனை அளவில் குழிகள் தெரிந்தால், அழுக்கை எடுக்காமல் ஊதியிருக்கலாம், பொடி உருகிப் பரவ உதவும் வெண்காரம் போதாமல் இருந்திருக்கலாம், சூடு மிஞ்சியிருக்கலாம். கண்ணி ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் அரம் அதிகம் போட்டிருக்கிறார்கள்.

நிறம் லேசாக வெளுத்திருந்தால் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், குறைந்த பொடி. சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தால் ஈயப் பற்றாக, அதாவது ஈயம் கலந்த ஒட்டாக இருக்கலாம். அதை வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் யாராவது அதன்மேல் தீ காட்டினால் ஈயம் தங்கத்தை அரித்துக் குழியாக்கிவிடும்.

எடை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். கொடுக்கும்போதே அழுக்குப் போகக் கழுவி, மில்லிகிராம் வரை எடை போட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பொடியால் சில மில்லிகிராம் கூடும், அரத்தாலும் மெருகாலும் சில குறையும். அரைப் பவுன், அதாவது 4 கிராம் செயினில், ஒரு கண்ணி பத்த வைத்ததற்கு 100 மில்லிகிராம் குறைந்தால் அது தேய்மானக் கணக்கில் சேராது. மெருகுக்கென்று ராஜதிராவகம் என்ற அமிலத்தில் முக்கினாலும் தங்கம் கரைந்து போகும்.

தென் தமிழ்நாட்டுக் காதணியான பாம்படம் தனி ரகம். மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. அரக்கை எடுக்காமல் ஊதினால் அது பொங்கித் தகட்டை உப்ப வைக்கும், பற்றையும் பிளக்கும். காதருகே குலுக்குங்கள்: கடகடவென்றால் அரக்கு உடைந்து கிடக்கிறது. விரலால் மெல்ல அழுத்தும்போது தகடு ஒடுங்கினால் திரும்ப அடைக்கவே இல்லை.

கல் நகையில் முத்து, பவளம், மரகதம் மூன்றும் தீ தாங்காது. கழற்றாமல் ஊதியிருந்தால் முத்து பழுத்து மங்கும், மரகதத்தில் கீறல் ஓடும். கல்லைப் பிடிக்கும் கம்பிகள்மேல் பருத்தித் துணியை இழுங்கள். நூல் மாட்டினால் கம்பி சரியாகப் படியவில்லை. கம்மல் திருகாணி ஒரே சுற்றில் வழுக்கி உள்ளே போனால் மரை தேய்ந்தது. அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.