நினைவில் இல்லாத வலிப்பைக் கணக்கு வைப்பது எப்படி?

"போன தடவை வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் எத்தனை முறை ஃபிட்ஸ் வந்தது?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். வலிப்பு வந்தவருக்கே தெரியாவிட்டால் என்ன சொல்வது? நினைவு தப்பும் வலிப்பின்போது மூளை நடந்ததைப் பதிவதே இல்லை என்பதால், எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வராது. தடயத்தையும் பக்கத்தில் இருந்தவர் பார்த்ததையும் வைத்துத்தான் எழுத வேண்டும்.

1. கடையில் இலவசமாகக் கொடுக்கும் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் போதும், ஆப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாராவது நேரில் பார்த்திருந்தால் 'பா', தடயம் மட்டும் இருந்தால் 'த', மாத்திரை விட்டுப்போனால் 'மா'. பக்கத்தில் ஆள் இருந்தும் எதுவும் நடக்காத நாளுக்குச் சுழி போடுங்கள், தனியாக இருந்த நாளை வெறுமையாக விடுங்கள். ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து ரூமில் தனியாகத் தூங்குகிறவருக்குப் பாதிக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். அதற்கு வலிப்பு வரவில்லை என்று அர்த்தமில்லை, பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

2. எழுந்ததும் உடம்பைப் பாருங்கள். நாக்கின் ஓரத்தில் கடித்த காயம், தலையணையில் ரத்தக்கறை, நனைந்த படுக்கை, காரணம் தெரியாத சிராய்ப்பு, தலைவலி. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், முதல் நாள் களை வெட்டியிருந்தால் மறுநாள் உடம்பு வலிக்கத்தான் செய்யும். பகலில் வருவது இன்னும் கள்ளத்தனமானது: அடுப்பு முன்னாலேயே நின்றிருப்பீர்கள், பால் பொங்கி வழிந்தது மட்டும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். தூக்கம் கெட்டது, காய்ச்சல், குடித்தது, மாதவிடாய் எல்லாம் அதே கட்டத்தில் வரட்டும்.

3. பார்த்தவரிடம் அன்றைக்கே கேளுங்கள். இதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் நம்ம பக்கம் வீடுகளில் "சொன்னா மனசு கஷ்டப்படுவான்" என்று அம்மாவும் மனைவியும் மறைத்துவிடுவார்கள், கல்யாணம் ஆகாத பெண் என்றால் இன்னும் மறைப்பார்கள். சொன்னால்தான் மருந்து சரியாகும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். "ஃபிட்ஸ் வந்துச்சா?" என்று மொட்டையாகக் கேட்காமல், கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, கூப்பிட்டால் பதில் வந்ததா, வாயைச் சப்புக்கொட்டினேனா என்று பிரித்துக் கேளுங்கள். "அரை மணி நேரம் இழுத்தது" என்பார்கள், பெரும்பாலும் இழுப்பு 3 நிமிடத்துக்குள் நின்றிருக்கும், மீதி அசந்து கிடந்த நேரம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

முடிந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தேதியும் நேரமும் போனிலேயே பதிந்துவிடும். ஆனால் முதலில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அப்புறம்தான் போன். கையில் சாவியைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை, வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிட வேண்டும்.

4. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ, எங்கே போனாலும் காலண்டர் தாளையே கிழித்து எடுத்துப்போங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி பரிசோதனை நார்மலாக வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்றாகிவிடாது, அதனால் இந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. அதைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பார்த்தவரையும் கூட்டிப்போங்கள், வர முடியாவிட்டால் அந்த நேரத்துக்கு போனை எடுக்கும்படி சொல்லிவையுங்கள்.