ஹாலோவீன் விருந்து: பயம் இருக்க வேண்டிய இடம்

பேய் வேடம் போட்டு, பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் நாள் ஹாலோவீன். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டில் ஹாலோவீன் விருந்து வைப்பவர்களிடம் பயத்துக்குக் குறைவில்லை. அதைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். மிட்டாயில் யாராவது விஷம் வைத்திருப்பார்களோ என்று உறை உறையாகத் திருப்பிப் பார்ப்பார்கள். தரையைக் கூட்டுகிற நீளத்தில் சூனியக்காரி அங்கி போட்ட பிள்ளை, படியில் வைத்த மெழுகுவத்தியை உரசிக்கொண்டு போவது கண்ணில் படாது. 20, 30 பேர் வரும் வீட்டு விருந்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் இவை.

முதல் தவறு அழைப்பிலேயே நடந்துவிடுகிறது: நேரம். நியூ ஜெர்சியிலும் டொராண்டோவிலும் அக்டோபர் 31 அன்று மாலை ஆறு மணி வாக்கில் சூரியன் மறையும். பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய்க்குப் போவது பெரும்பாலும் ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடையில். விருந்தை ஆறு மணிக்கு வைத்தால் பிள்ளைகளோடு வருபவர்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள். அதற்குள் பிள்ளைகள் கால் வலித்து, வேடத்தில் பாதியைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கான விருந்து என்றால் பிற்பகல் மூன்று முதல் ஐந்து. பெரியவர்களுக்கு என்றால் எட்டரைக்கு மேல். 2026இல் 31ஆம் தேதி சனிக்கிழமை வருகிறது. அன்று பின்னிரவு 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதால், ராத்திரி விருந்துக்கு ஒரு மணி நேரம் இலவசம். வேடம் கட்டாயமா இல்லையா என்பதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பட்டுப்புடவையில் வந்து பத்துப் பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரின் சங்கடம் சின்னதல்ல. வேடப் போட்டி இருந்தால், எல்லோரும் வந்த முக்கால் மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. கடைசிக்கு வைத்தால் சாயம் வழிந்திருக்கும்.

நாலு வரி வரலாறு

அழைப்பிலோ விருந்தின் வினாடி வினாவிலோ நாலு வரி வரலாறு சேர்ப்பது வழக்கம். அதில் அதிகம் அடிபடுவது, "சவின் என்ற கெல்டிய மரண தேவனின் திருநாள்" என்ற வரி. கெல்டியர் என்றால் அயர்லாந்தின் பழங்கால மக்கள். அவர்களிடம் அப்படி ஒரு தேவன் இல்லை. அயர்லாந்தில் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளுக்கு, அதாவது நவம்பர் 1க்கு, பெயர் சவின்; ஐரிஷ் மொழியில் இன்றும் நவம்பர் மாதத்துக்கு அதுதான் பெயர். Samhain என்ற எழுத்தைப் பார்த்து 'சம்ஹைன்' என்று படிப்பது இன்னொரு தவறு. நம் காதுக்கு அது 'சாவின்' என்று விழுவதால் சாவோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மரண தேவன் கதை பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் சார்லஸ் வேலன்சி. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் நில அளவைப் பணியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. சொல்லாராய்ச்சி என்ற பேரில் அவர் அடித்துவிட்டதைப் பின்னால் வந்தவர்கள் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, "சவினை விழுங்குவதற்காகவே போப் புனிதர் திருநாளை நவம்பர் 1க்கு மாற்றினார்" என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்ட ஐரிஷ் புனிதர் நாட்காட்டி, எல்லாப் புனிதர்களின் நாளை ஏப்ரல் 20 என்று குறிக்கிறது. நவம்பர் 1 என்ற தேதி அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் புழங்கியது. 835இல் போப் நான்காம் கிரிகரி காலத்தில் இன்றைய பிரான்சையும் ஜெர்மனியையும் ஆண்ட பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் அதுவே ஆனது. சவின் கொண்டாடிய ஊரிலேயே தேதி வேறாக இருந்தபோது, விழுங்கிய கதை நிற்பது கஷ்டம். 'ஹாலோவீன்' என்ற சொல்லோ முழுக்கக் கிறிஸ்தவச் சொல்: 'ஹாலோ' என்றால் புனிதர், 'ஈவன்' என்றால் முந்தைய மாலை.

காயைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே ஏற்றும் விளக்கின் கதையில் பூசணி கடைசியில்தான் வருகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குடைந்தது டர்னிப் கிழங்கை. அயர்லாந்தின் டொனகல் மாவட்டத்து டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு அதே நாட்டின் மேயோவில் உள்ள நாட்டுப்புற வாழ்வு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழிந்த கண்ணும் பல்லுமாக, இன்றைய எந்தப் பூசணியையும்விட அது ஒரு படி மேலே பயமுறுத்தும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். குடையச் சுலபமான பூசணி அந்த மண்ணிலேயே விளைந்தது. நாம் இதைப் பரங்கிக்காய் என்கிறோம். கடல் கடந்து வந்த காய் என்பது பேரிலேயே இருக்கிறது.

மெக்சிகோவின் இறந்தோர் நாளை ஹாலோவீனின் இன்னொரு பெயர் என்று நினைத்து, மண்டையோட்டு ஒப்பனையை அலங்காரத்தில் கலப்பதும் நடக்கிறது. அது நவம்பர் 1, 2 தேதிகளில் குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் நாள். அங்கே படையலைச் சுற்றிப் பரப்புவது நம்மூர் செண்டுமல்லியைத்தான். செண்டுமல்லிக்குப் பிறந்த ஊரே மெக்சிகோ. பிறர் கும்பிடுவதை வேடமாக்குவதும் இதே ரகம். 2008இல் ஹைடி க்ளம் என்ற மாடல் காளி வேடத்தில் வந்தபோது அமெரிக்க இந்துக்களிடமிருந்து கண்டனம் வந்தது. நம் காளிக்கு வரும் கோபம், மெக்சிகோக்காரருக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் வரும்தானே.

பூசணி: சீக்கிரம் வெட்டினால் சீக்கிரம் அழுகும்

வெட்டாத பூசணி குளிர்ந்த வாசலில் வாரக்கணக்கில் நிற்கும். வெட்டினால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், அவ்வளவுதான். அக்டோபர் 20 வாக்கில் உற்சாகத்தில் வெட்டியவை விருந்தன்று வாய் உள்ளே மடிந்து, பல் போன கிழவர் போல் ஆகிவிடுவது இதனால்தான். 28 அல்லது 29ஆம் தேதி வெட்டுங்கள்.

வாங்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது; காம்பு கழன்ற இடத்தில் முதலில் பூஞ்சை பிடிக்கும். அடியை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் வேண்டாம்.

மேலே வட்டமாக மூடி வெட்டுவது பழக்கம். கத்தியை நேர் செங்குத்தாக இறக்கினால், உள்ளே வற்றிச் சுருங்கியதும் மூடி 'தொப்' என்று உள்ளே விழும். முனை பூசணியின் நடுவைப் பார்க்கும்படி 45 டிகிரி சாய்த்து வெட்டினால் மூடி விளிம்பில் உட்காரும். எல்.இ.டி. விளக்கு வைப்பதாக இருந்தால் மூடியே வேண்டாம்: அடியிலோ பின்பக்கமோ ஓட்டை போடுங்கள். மேல் வட்டம் முழுசாக இருப்பதால் சீக்கிரம் தொய்யாது. உள்ளே விதையையும் நாரையும் ஒரு இழை விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரமான நார்தான் பூஞ்சைக்கு விருந்து. முகம் வெட்டப்போகும் பக்கத்துச் சதையை ஓர் அங்குலக் கனம் வரும்வரை உள்ளிருந்து சுரண்டுங்கள். அதைவிடத் தடிமனாக இருந்தால் ரம்பம் திணறும், வெளிச்சமும் வெளியே வராது.

கையை வெட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெரிய சமையல் கத்தியால்தான் வெட்டிக்கொள்கிறார்கள். வழுக்கும் தோலில் அழுத்திக் குத்த, அது சறுக்கி மறு கைக்குப் போகிறது. பூசணி வெட்டும் மெல்லிய ரம்பத்தை வாங்கி, குத்தாமல் முன்னும் பின்னும் இழுங்கள். பிள்ளைகள் முகம் வரையட்டும், விதை அள்ளட்டும். வெட்டுவது பெரியவர் வேலை. வெட்டி முடித்ததும் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து உள்ளும் புறமும் தெளித்து, காயவைத்து, வெட்டு விளிம்புகளில் வாஸ்லின் தடவினால் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். இந்தப் பூசணியைச் சாம்பாரில் போட நினைக்காதீர்கள். வெட்டுவதற்கென்று விற்கும் ரகம் தண்ணீரும் நாருமாக, ருசியில்லாமல் இருக்கும். சமைக்கத் தனியாகச் சின்ன 'சுகர் பை' ரகம் வாங்க வேண்டும். விதையை மட்டும் வீணாக்க வேண்டாம்: உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் உலர்த்தி, 175 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 15 முதல் 20 நிமிடம் வறுத்தால் மொறுமொறுப்பாக வரும்.

புகை

பஞ்ச் என்ற பழச்சாற்றுக் கலவை இருக்கும் பாத்திரத்திலிருந்து வெள்ளைப் புகை வழிய வேண்டும் என்று டிரை ஐஸ் வாங்குகிறார்கள். இது தண்ணீர்க் கட்டி அல்ல, உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் சூடு வைத்த மாதிரி தோல் கொப்பளிக்கும். கப்புக்கு ஒரு துண்டு போட்டுக் கொடுப்பதுதான் மோசமான தவறு: யாராவது அதை விழுங்கிவிட்டால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். இரண்டு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். உள் பாத்திரத்தில் பானம்; வெளிப் பாத்திரத்தில் வெந்நீரும் டிரை ஐஸும். புகை வெளியிலிருந்து எழுந்து பானத்தின்மேல் தவழும், குடிப்பதில் ஒன்றும் கலக்காது. சில நிமிடங்களில் புகை குறைந்தால் டிரை ஐஸ் தீர்ந்துவிட்டதாக நினைத்து மேலும் போடுவார்கள். தண்ணீர் ஆறியதுதான் காரணம். வெந்நீரை மாற்றினால் மறுபடி எழும்பும்.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள, சாத்திய அறையில் அது காற்றில் ஏறக்குறைய 1.8 சதவீதம், எட்டு மணி நேர வேலையிடத்துக்கு அமெரிக்காவில் விதித்த வரம்பு 0.5 சதவீதம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; காரில் கொண்டுவரும்போதும் அப்படியே. மூடி இறுகிய பிளாஸ்க்கிலோ பாட்டிலிலோ போட்டால் வெடிக்கும். மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டினால் விரிசல் விடும். வெளியே, ஆள் தொடாத இடத்தில் தானாகக் கரையட்டும். இன்னொன்று: புகை இயந்திரம் வைக்கிறவர்கள் அலாரம் அலறுகிறதே என்று அதற்குப் பிளாஸ்டிக் பை கட்டுகிறார்கள். இயந்திரத்தை வாசலுக்குக் கொண்டுபோங்கள், அலாரத்தைத் தொடாதீர்கள்.

நெருப்பு

1984 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்து 8 பதின்வயதினர் இறந்தார்கள். இருட்டில் வழி பார்க்க யாரோ பற்றவைத்த லைட்டர், சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பட்டது என்பது விசாரணையில் வந்த முடிவு. புகை அலாரமும் இல்லை, தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பானும் இல்லை. வீட்டில் கறுப்புத் துணி கட்டி நடைபாதையைப் 'பேய்க்குகை' ஆக்குபவர்கள் அதையேதான் சிறிய அளவில் கட்டுகிறார்கள். குகைக்கு இரண்டு வழி இருக்கட்டும், படிகளில் மட்டும் விளக்கு எரியட்டும், உள்ளே தீ எதுவும் வேண்டாம். போலிச் சிலந்தி வலை பஞ்சு மாதிரிப் பற்றும். அதைக் கொத்தாகத் தொங்கவிடுவதும் தவறு. ஒரு கைப்பிடியை ஆள் உயரத்துக்கு இழுத்து விரித்தால்தான் வலையாகத் தெரியும்.

வேடத்தில் துணியைவிட வடிவம் முக்கியம். விரிந்த கை, தொங்கும் மேலங்கி, தரையில் புரளும் ஓரம் ஆகியவைதான் தீயைத் தேடிப் போகும். மெல்லிய பருத்தியும் ரேயானும் நொடியில் பற்றும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. தமிழர் வீட்டு வாசல்படியில் அகல் வரிசை, அதே படியில் நைலான் இறக்கையோடு ஏறிவரும் பிள்ளைகள். அப்படி அமைகிற வருடம் அகலைத் திண்ணை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், அல்லது அந்த இரண்டு மணி நேரம் மட்டும் மின்விளக்கு.

பூனைக்கண் வேண்டும் என்று இணையத்தில் வாங்கும் கலர் லென்ஸ், பார்வைக் குறை இல்லாதவருக்கும் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. அளவு சேராத லென்ஸ் கருவிழியைக் கீறும். கீறலில் கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். முகச்சாயத்தை ஒரு நாள் முன்பே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள்.

மிட்டாயும் சாலையும்

மிட்டாய் விஷயத்துக்கு வருவோம். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ பெரிய காயம் பட்டதாகவோ உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாசில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. கொடுத்தவர் பெற்ற தகப்பன். சாலையோ வேறு கதை. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து 2019இல் வெளியான மருத்துவக் கட்டுரை, ஹாலோவீன் மாலையில் பாதசாரி மரண அபாயம் ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்றது. எனவே உறையை உற்றுப் பார்க்கும் நேரத்தில் அங்கியின் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் டேப்பை ஒரு முழம் ஒட்டுங்கள். பார்வையை மறைக்கும் முகமூடிக்குப் பதில் சாயம் பூசுங்கள்.

மேசையில் இருக்கும் ஆபத்து எளிமையானது: 'கண்விழி' என்று உரித்து வைக்கும் முழுத் திராட்சை. ஐந்து வயதுக்குக் கீழே அது தொண்டையை அடைக்கும். நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள்; அப்போதும் விழி விழியாகத்தான் தெரியும். வேர்க்கடலை சேர்ந்ததைத் தனித் தட்டில், பேர் எழுதி வையுங்கள். வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருந்தால் அந்த வீட்டில் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று பொருள். ஸ்டிக்கரோ பென்சிலோ போதும்.

பஞ்ச் பானத்தில் மிதக்கும் 'பிணக்கை' செய்ய, பவுடர் இல்லாத கையுறையைக் கழுவி, தண்ணீருக்குப் பதில் பழச்சாறு நிரப்பி, ஒரு முழு நாள் உறையவையுங்கள். உருவும்போது விரல் முறிவது எல்லோருக்கும் நடப்பது. வெதுவெதுப்பான நீரில் சில நொடி முக்கி, கையுறையைக் கத்தரியால் கீறி உரித்தால் ஐந்து விரலும் தப்பும்.

நவம்பர் 1 காலையில் பூசணியை எடுத்துவிடுங்கள். பிளீச்சும் சாயமும் படாததைத் துண்டு போட்டு உரக்குழியில் சேர்க்கலாம். பட்டதை ஆட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் எல்.இ.டி. விளக்கை மறக்காமல் எடுங்கள். அதற்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது, தவழும் குழந்தை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சாமான் அது.