வானொலி நேயர் கணக்கை எப்படி வாசிப்பது: பினாங்குத் தமிழ் விளம்பரதாரர்களுக்கு

தீபாவளி நெருங்கும்போது வானொலி விளம்பரம் விற்க வருபவர் முதலில் காட்டுவது வாராந்திர நேயர் எண்ணிக்கையைத்தான். அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் தீபகற்பம் முழுவதற்கும் எடுத்த கணக்கு அது. பட்டர்வொர்த்தில் இருக்கும் நகைக்கடைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை நாமேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கால்குலேட்டரும் கேட்கத் தெரிந்த நாலு கேள்வியும் போதும்.

எண் எங்கிருந்து வருகிறது

மலேசியத் தனியார் வானொலிகளின் சங்கத்துக்காக 2016 முதல் ஜிஎஃப்கே நிறுவனம் நேயர் கணக்கெடுப்பை நடத்தி வந்தது. அதற்கு முன் இந்த வேலை நீல்சனிடம் இருந்தது. ஜிஎஃப்கே முறையில் ஒரு சுற்றுக்கு ஆறு வாரம். தீபகற்பத்தில் 10 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6,000 பேரிடம் நாட்குறிப்பு கொடுப்பார்கள். எந்த நிலையத்தை எப்போது, எங்கே கேட்டோம் என்று கால் மணி நேரக் கட்டங்களில் அவர்கள் குறித்துத் தருவார்கள். சிலர் காகிதத்திலும் சிலர் இணையத்திலும் நிரப்புவார்கள்.

இது சங்கத்தின் கணக்கெடுப்பு என்பதை மறக்கக் கூடாது. தமிழ் நிலையங்களில் ராகா தனியார் நிலையம், மின்னல் எஃப்எம் அரசு நிலையம். இரண்டையும் ஒப்பிடும் தாள் கைக்கு வந்தால், இரண்டு எண்ணும் ஒரே கணக்கெடுப்பின் ஒரே சுற்றில் எடுத்தவையா என்று கேளுங்கள். வெவ்வேறு இடத்தில் எடுத்த எண்கள் என்றால் அந்த ஒப்பீட்டை ஒதுக்கிவிடலாம்.

மூன்று எண்கள்

வாராந்திர நேயர் என்றால், வாரத்தில் ஒரு கால் மணிக் கட்டமாவது அந்த நிலையத்தைக் குறித்தவர்கள். திங்களன்று காரில் ஒரு முறை கேட்டவரும் இதில் ஒருவர், நாள் முழுக்கக் கடையில் ஓடவிடுபவரும் ஒருவர். அதனால்தான் இந்த எண் எப்போதும் பெரிதாக இருக்கிறது.

விளம்பரம் கொடுப்பவருக்கு வேண்டியது சராசரி கால் மணி நேயர், அதாவது உங்கள் விளம்பரம் ஓடும் அந்தக் கட்டத்தில் சராசரியாக எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது. மூன்றாவது, நேயர் பங்கு: அந்த நேரத்தில் வானொலி கேட்பவர்கள் எல்லாரிலும் இந்த நிலையத்தைக் கேட்பவர்களின் விழுக்காடு. பங்கைப் பார்க்கும்போது அடித்தளத்தையும், அதாவது யாரை நூறாக வைத்து அந்த விழுக்காட்டை எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். "இந்தியர்களில் 70 விழுக்காடு" என்பதும் "எல்லா மலேசியர்களிலும் 4 விழுக்காடு" என்பதும் ஒரே நிலையத்தைப் பற்றியே இருக்க முடியும்.

ஒரு உதாரணம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 முதல் 10 மணி என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். அந்த நேரப் பகுதிக்கு வாராந்திர நேயர் 1,00,000, சராசரி கால் மணி நேயர் 15,000 என்று தாளில் இருக்கிறது என்று வைப்போம். 15,000 × 20 ÷ 1,00,000 = 3. ஒரு நேயர் அந்த நேரப் பகுதியில் வாரத்துக்கு 3 மணி நேரம் கேட்கிறார். விளம்பரம் ஒரு முறை ஓட 150 ரிங்கிட் என்றால், ஆயிரம் பேருக்கு 10 ரிங்கிட். இதையே வாராந்திர நேயரால் வகுத்துக் காட்டினால் ஒன்றரை ரிங்கிட்தான் வரும். அப்படி வகுத்துக் கொண்டுவரும் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

பினாங்குக்கு எத்தனை பேர்

பிசகு அதிகம் நடக்கும் இடம் இதுதான். தீபகற்பத்தில் இந்தியர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் என்று வைத்தால், 6,000 பேரில் 480 பேர் வருவார்கள். அவர்களில் 70 விழுக்காட்டினர் ஒரு நிலையத்தைக் கேட்கிறார்கள் என்றால், பிழை வரம்பு, அதாவது எல்லாரையும் கேட்காமல் மாதிரிக்கு எடுத்தவர்களை மட்டும் கேட்டதால் வரக்கூடிய விலகல், கூடவோ குறையவோ 4 விழுக்காட்டுப் புள்ளி.

பினாங்கின் மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 17.4 லட்சம். தீபகற்பத்தில் அது ஏறக்குறைய 6.6 விழுக்காடு. மக்கள் தொகை விகிதத்திலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், தீவும் செபராங் பிறையும் சேர்த்து 395 பேர். அதில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது என்றால் 36 பேர். 36 பேரை வைத்து 70 விழுக்காடு என்று சொன்னால், உண்மை 55-இலிருந்து 85 வரை எங்கும் இருக்கலாம். ஒவ்வொரு நாட்குறிப்பும் ஏறக்குறைய நாலாயிரம் பேருக்காகப் பேசுகிறது. செவ்வாய் காலை 11 மணிக் கட்டத்தை மட்டும் பிரித்தால் மிஞ்சுவது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் ஒருவர் அந்த வாரம் கோலாலம்பூருக்குப் போய்விட்டால் வரைபடம் சரிந்துவிடும்.

இந்தியர்களையோ பினாங்குக்காரர்களையோ கணக்கெடுப்பவர்கள் கூடுதலாகவும் சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால் எடை போட்டுச் சரிசெய்வார்கள், அதாவது கூடுதலாகச் சேர்த்தவர்களின் பதிலுக்குக் கணக்கில் மதிப்பைக் குறைப்பார்கள். எடை போட்டால் பிழை வரம்பு விரியும். எடையின் விளைவு 1.5 என்றால், ஆள் எண்ணிக்கையை அதால் வகுக்க வேண்டும். 480 பேர் இருந்தும் 320 பேருக்குரிய நம்பகம்தான் கிடைக்கும்; 4 புள்ளியாக இருந்த பிழை வரம்பு 5 புள்ளியாகிவிடும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது: இந்த எண்ணுக்குப் பின்னால் எடை போடாத நாட்குறிப்புகள் எத்தனை? 100-க்குக் கீழே என்றால் பினாங்குப் பிரிவை நம்பி விலை பேசாதீர்கள். இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி கேளுங்கள்.

"போன சுற்றைவிட 3 புள்ளி உயர்ந்தோம்" என்ற பேச்சுக்கும் இதே கணக்குதான். இரண்டு சுற்றுகளின் வித்தியாசத்துக்குப் பிழை வரம்பை 1.4-ஆல் பெருக்க வேண்டும். 5 புள்ளியாக இருந்தது 7 புள்ளியாகிறது. 3 புள்ளி உயர்வில் சொல்ல எதுவும் இல்லை.

நாட்குறிப்பில் எங்கே தவறும்

பலர் தினமும் எழுதுவதில்லை, வாரக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்புகிறார்கள். அப்போது பேர் பெற்ற நிலையத்துக்குக் கட்டங்கள் கூடும், இடையில் பத்து நிமிடம் மாற்றிக் கேட்ட நிலையம் காணாமல் போகும். தமிழ் நேயர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. ராகா முன்பு டிஎச்ஆர் ராகா. இன்றும் வீட்டில் பெரியவர்கள் "டிஎச்ஆர்" என்றுதான் சொல்வார்கள். டிஎச்ஆர் கெகார் என்ற மலாய் நிலையமும் அதே குடும்பத்தில் இருந்தது. பெயரைத் தாமாக எழுதச் சொல்லும் எந்த ஆய்விலும் வெறும் "டிஎச்ஆர்" என்று வந்தால், அதை எந்தப் பக்கம் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். எழுதியவரின் மொழியைப் பார்த்துச் சேர்ப்பது சரி, பாதிப் பாதியாகப் பங்கிடுவது தவறு.

எந்த ஆறு வாரம் என்பதும் முக்கியம். தைப்பூச வாரம், நோன்பு மாதம், பள்ளி விடுமுறை இவற்றில் காலைப் பயண நேரக் கேட்பு மாறிவிடும். சுற்றின் தேதியைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்.

கருவி வைத்தால் எல்லாம் தீரும் என்பதும் சரியல்ல. ஒலியில் மறைத்த குறியீட்டைப் பிடிக்கும் கையடக்க மீட்டரை அமெரிக்காவில் ஆர்பிட்ரான் நிறுவனம் கொண்டுவந்தபோது, சிறுபான்மையினர் மாதிரியில் போதுமான அளவு இல்லை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரே 2008-இல் வழக்குத் தொடுத்தார். சிறுபான்மை மொழி நிலையங்களுக்கு எந்த முறையிலும் முதலில் அடிபடுவது மாதிரியின் அளவுதான்.

நிலையத்தின் செயலியில் கேட்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டினால், அது ஆளையா கருவியையா எண்ணுகிறது என்று கேளுங்கள். போனிலும் கணினியிலும் கேட்பவர் இரண்டாகிவிடுவார். சிக்னல் விட்டு விட்டு வந்தால் ஒரே பயணம் பல இணைப்புகளாகப் பதிவாகும். ஒரு நிமிடத்துக்குக் குறைந்தவற்றைக் கழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கல்லாவில் சரிபார்க்க

விளம்பரத்தை ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் ஓடவிடுங்கள். இரண்டு வாரம், கடைக்கு வருபவர்களில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளிடமும் கேளுங்கள்: "கடந்த ஏழு நாளில் எந்தெந்த வானொலி கேட்டீங்க?" பிறகு, "எங்க விளம்பரத்தை எங்கேயாவது கேட்டீங்களா, எதில்?" நிலையத்தின் பெயரை நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொன்னால் முகத்துக்காகத் தலையாட்டுவார்கள்.

100 பேராவது சேர வேண்டும். விளம்பரம் ஓடாத நிலையத்திலும் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். அந்த எண்தான் உங்களுக்குத் தங்கம். ஓடிய நிலையத்தை 30 பேரும் ஓடாததை 9 பேரும் சொன்னால், 30-இலிருந்து 9-ஐக் கழித்து 21 என்று வையுங்கள். கடைக்கு வந்தவர்களை மட்டுமே கேட்டதால் இது ஊர் முழுவதின் கணக்காகாது. அடுத்த மாதம் நிலையத்தை மாற்றி, அதே கேள்வியை அதே முறையில் கேட்டு, இரண்டு மிச்சங்களை ஒப்பிடுங்கள். சுமார் பதினைந்து புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால் விலை குறைவான நிலையத்தை எடுங்கள்.