மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப் வாங்குவோர் கவனத்துக்கு

ஏற்காட்டிலும் சுற்றுக் கிராமங்களிலும் சிறிய காபித் தோட்டம் வைத்திருப்போருக்கும், சேலத்தில் ஜெனரேட்டரை வாடகைக்கு விடுவோருக்கும் டிரெய்லர் தேவைப்படுவது ஆண்டில் சில நாட்கள்தான். அதற்காகப் புது வண்டி எடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால் பழைய பிக்கப்பைத் தேடுகிறார்கள். தேடும்போது எல்லோரும் கேட்பது, வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டிய வண்டிக்கு, டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது இறக்கத்தில் நிற்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

குட்டி யானையை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸில் இருந்தது இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், அதன் திறன் 16 குதிரைத்திறன் மட்டுமே. ஊருக்குள் மூட்டை கொண்டுபோகச் செய்த வண்டி அது. அசோக் லேலண்ட் தோஸ்த் அதைவிடப் பெரியது என்றாலும் அதுவும் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். 2 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் போன்றவற்றிலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது. எந்த மாதிரியானாலும், டிரெய்லர் இழுக்கத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா, எத்தனை கிலோ வரை என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்த பிறகே விலை பேசுங்கள். கையேட்டில் அதற்கு இடமில்லை என்றால், பட்டறையில் எவ்வளவு கெட்டியாகக் கொக்கி அடித்துக் கொடுத்தாலும் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

அடுத்ததாக, வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்று விசாரியுங்கள். "சிங்கிள் ஓனர், கை படாத வண்டி" என்று புரோக்கர் சொல்வதையும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் ஒரு பக்கம் வைத்துவிடலாம். இளம்பிள்ளையில் சேலைக் கட்டு ஏற்றிய வண்டியும், கம்பியும் கல்லும் ஏற்றிய வண்டியும் ஒரே ஆண்டில் பதிவானவையாக இருந்தாலும் ஒரே வயதுடையவை அல்ல. மீன் ஏற்றிய வண்டி என்றால், உப்பு நீர் சொட்டிச் சொட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை எங்கே அரித்திருக்கிறது என்று கீழே படுத்துப் பார்த்தாக வேண்டும்.

கீழே படுத்த கையோடு, சுமையைத் தாங்கும் கமான் கட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) பாருங்கள். பல பிக்கப்களில், சேஸிஸில் உள்ள ஒரு சிறிய வால்விலிருந்து பின் அச்சுக்கு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ ஓடும். சுமை ஏறி வண்டி தாழும்போது அந்த வால்வு பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டி அனுப்பும்; வண்டி காலியாக உயர்ந்து நின்றால் குறைத்துவிடும். அதிகப் பாரம் ஏற்றுவதற்காக யாராவது கூடுதல் கமான் பட்டை போட்டிருந்தால், பாரம் ஏறிய பிறகும் பின்புறம் போதிய அளவு தாழாது. ஆகவே பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் முழுதாகப் போகாது. டிரெய்லர் மாட்டிய வண்டியில் இது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. வால்வின் கம்பி கழற்றப்பட்டிருந்தாலோ, கட்டுக் கம்பியால் கட்டப்பட்டிருந்தாலோ, கொக்கி பொருத்த வேண்டிய பின் குறுக்குச் சட்டத்துக்கு அருகில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தாலோ, அந்த வண்டியை விட்டுவிடுவதே என் யோசனை.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். அது லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகையும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. கிளட்சைச் சோதிக்க, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

விற்பவர் சம்மதித்தால், பாதிச் சுமையுடன் ஏற்காடு அடிவாரத்திலிருந்து சில வளைவுகள் வரை ஏறி, இரண்டாவது கியரிலேயே இறங்கி வாருங்கள். கியரை நியூட்ரலில் போடுவதும் எஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. பிரேக்கை மிதிக்கத் துணைசெய்யும் பூஸ்டர் எஞ்சின் ஓடினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கீழே வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே பிரேக் பிடிக்கவே இல்லை.

கொக்கியை பம்பரில் வெல்டிங் செய்யாமல், சேஸிஸின் இரு தண்டுகளிலும் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்துமாறு சரக்கை அடுக்க வேண்டும். சரக்கு பின்னுக்குப் போனால் டிரெய்லர் பாம்பாக நெளியும். அந்த அழுத்தமும் பிக்கப்பின் சுமைக் கணக்கில்தான் சேரும். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். மலையில் ஏற்றுவதாக இருந்தால், அதற்குக் குறைந்த எடைக்கும் தனி பிரேக் உள்ள டிரெய்லரையே எடுப்பேன்.

காகித வேலையில் பலர் மறப்பது, டிரெய்லரும் சட்டப்படி தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும் என்பதை. பிக்கப்பைப் பொறுத்தவரை, மஞ்சள் போர்டு வண்டியானால், எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றுடன், ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக முன்பணம் கொடுக்கும்போதே பேசி, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.